கொடியேறும் கடற்கரையில் களிகம்பு ஒலிக்க வேண்டும்: ஒரு கொள்கைப் பிரகடனம்



மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களில் வயல் செய்பவர்களும், வலை இழுப்பவர்களும், தறி நெய்பவர்களும், படிப்பிப்பவர்களும், வீட்டிலிருந்து பாய் இழைக்கும் பெண்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தை ஒட்டிக் கூடும் சந்தையில், இந்த மண்ணின் கலைகளுக்கு ஒரு தனி முற்றமும் முழு மாலைப் பொழுதுகளும் உரிய கூலியும் வேண்டும். இந்தக் கரையில் நடக்கும் மற்றப் பொருட்காட்சிகளிலும் ஊர்விழாக்களிலும் அதுவே வழக்கமாக வேண்டும். அந்த முற்றத்தில் ஆட்டம் பழக்கும் எங்கள் அண்ணாவிமாருக்கு முதலிடம். இதே அம்பாறை மாவட்டத்தின் மேற்குக் கோடியில் காட்டோரம் வாழும் ஆதிவாசிகளுக்கு விருந்தாளிகளின் இடம்.

கொடியேற்றத்தை ஏன் தேர்ந்தோம் என்று கேட்பார்கள். ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையில் நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் கொடி ஏறினால், 12 நாள்களுக்கு இந்தக் கடற்கரை வேறு ஊராகிவிடுகிறது. இரவில் மௌலிதும், பக்கீர் ஜமாஅத்தின் றாத்திபும், கடைசி நாள் கந்தூரியும் நடக்கின்றன. வெளியே கச்சான் கடை, மஸ்கட் கடை, வளையல் கடை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் கடை. இரண்டு நூற்றாண்டுப் பழக்கம் இது. யுத்தம் இதைக் கடந்து போனது. 2004 டிசம்பர் 26 காலை கடல் இந்தக் கரையைக் கழுவிக்கொண்டு போனது. இலங்கையில் அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் நம்முடையதுதான். அதற்குப் பிறகும் கொடி ஏறியது. சம்மாந்துறைப் போடியாரும் கல்முனைக்குடி வலைக்காரரும் மருதமுனை நெசவாளியும் எந்த அழைப்பிதழும் இல்லாமல் தோளோடு தோள் நிற்கும் இடம் இதைப்போல் இன்னொன்று நம்மிடம் மிச்சமில்லை.

மிச்சமில்லை என்பதுதான் எங்கள் கவலையின் வேர். நம் கலைகள் எவையும் மேடைக்காகப் பிறந்தவை அல்ல, வேலைக்குள்ளே பிறந்தவை. வட்டையில் வெட்டுக்காரர் நிரை பிடித்தபோது கவி வந்தது. களவெட்டியில் மாடு வளைத்துச் சூடு மிதித்த இரவுகளில் பொலிப்பாட்டு வந்தது. கரைவலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு வரிசை ஆள்கள் இழுத்தபோது அம்பாப் பாட்டு வந்தது. பாட்டு நின்றால் காலடி குழம்பும், காலடி குழம்பினால் மடி நேரே வராது. இன்று வெட்டு மெசின் ஒரு பகலில் வயலை வெட்டி, அடித்து, தூற்றி, மூட்டையாக்கித் தந்துவிட்டுப் போகிறது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. இடுப்பு முறிய அரிவாள் பிடித்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், அந்த வேலை திரும்பி வரவேண்டாம். ஆனால் வேலை போனபோது பாட்டும் போயிற்று. கலியாணங்கள் மண்டபத்துக்குப் போய் இரண்டு மணித்தியாலத்தில் முடிகின்றன. சுன்னத்துக் கலியாணத்துக்குக் களிகம்புக் குழு வந்த காலத்தைப் பிள்ளைகள் கேள்விப்பட்டதோடு சரி. கலையைச் சுமந்த கூட்டங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தபின் மீந்திருக்கிற பெருங்கூட்டம் சந்தைதான். அங்கே இடம் கிடைக்காவிட்டால் வேறு எங்கும் கிடைக்காது.

களிகம்பு என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்பதைச் சின்னவர்களுக்காக எழுதிவைக்கிறோம். ஆட்டக்காரர் வட்டமாக நிற்பார்கள். எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி வேண்டும். கையில் இரண்டு கம்புகள், வைரம் பாய்ந்த மரத்தில் கடைந்தவை. நடுவில் அண்ணாவியார் தாளத்தோடு நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பார், வட்டம் வாங்கிப் பாடும். தொடக்கத்தில் அடி மெதுவாக விழும். தன் கம்பு தன் கம்பில், பிறகு உள்ளே திரும்பி ஒருவர் கம்பில், வெளியே திரும்பி மற்றவர் கம்பில். பாட்டு ஏற ஏற அடி நெருங்கும். குனிந்து அடிப்பார்கள், பாய்ந்து திரும்பி அடிப்பார்கள், வட்டம் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகும். ஒருவர் அரை அடி பிந்தினால் பக்கத்தில் நிற்பவரின் விரல் நசுங்கும். அதனால் கம்பைப் பார்த்து யாரும் ஆடுவதில்லை, காதை வைத்துத்தான் ஆடுவார்கள். ஒரு நல்ல அண்ணாவியார் இருபது கம்புகளின் ஓசைக்குள் எந்தக் கம்பு பிந்தியது என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிடுவார். இந்தக் காது ஒரு தலைமுறைப் பழக்கத்தில் வருவது. காணொளியில் பார்த்துப் படிக்க முடியாதது.

இப்படிப்பட்ட ஒரு கலைஞரை நாம் இன்று எங்கே காண்கிறோம்? ஒரு கட்டடத் திறப்பு விழா. பிரதம அதிதியின் வாகனம் வருகிறது. களிகம்புக் குழுவை வெயிலில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். வாகனத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி அவர்கள் அடிக்கிறார்கள்; அதிதி கையசைக்கிறார்; புகைப்படம் எடுத்தாகிவிட்டது. வாசலோடு ஆட்டம் முடிகிறது. உள்ளே பேச்சு ஆரம்பமாகும்போது அண்ணாவியார் மதிலோரத்தில் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருக்கிறார். அறுபது எழுபது வயதில் அவருக்குக் கலாபூஷணம் விருது கிடைக்கலாம். மாணவர் கிடைப்பதில்லை. ஒரு முழுப் பாட்டை, மெதுவான தொடக்கத்திலிருந்து உச்ச அடி வரை, உட்கார்ந்து பார்த்த இளைஞர் இந்த ஊர்களில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். தற்காப்புக் கலையான சீனடிக்கும் இதே கதிதான். சலாம் வரிசையோடு முடிந்துவிடுகிறது.

அயலைப் பார்த்துப் பொறாமைப்படாமல் பாடம் எடுத்துக்கொள்ளலாம். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்றார், சி. மௌனகுரு போன்ற மாணவர்கள் அதை வாழ்நாள் வேலையாக்கினார்கள். இரவு முழுக்க வட்டக் களரியில் ஆடிய ஆட்டம் நகரத்து மேடைக்கு வந்து, அண்ணாவிமாருக்கு மரியாதையும் கொண்டுவந்தது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழைய யாழைத் தேடி 1947 இல் யாழ் நூலைத் தந்தார். நம்மிடமும் தேடியவர்கள் உண்டு. நிந்தவூர் எஸ். முத்துமீரானும் சாய்ந்தமருது எஸ். எச். எம். ஜெமீலும் வீடு வீடாகக் கேட்டு நம் நாட்டார் பாடல்களை நூலாக்கினார்கள். அவர்கள் இல்லையென்றால் இந்தப் பிரகடனத்தை எழுதும் துணிவே எங்களுக்கு வந்திராது. ஆனால் நூலில் இருக்கும் கவிக்கு ராகம் இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அதன் தமிழ்த்துறையும் எங்கள் அண்ணாவிமாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று கேட்கிறோம்.

இனி, எங்களுக்குள்ளேயே எழும் கேள்விக்கு வருகிறோம். இதை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை.

கந்தூரியையும் கொடியேற்றத்தையும் ஏற்காதவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் நம் உடன்பிறப்புகள், அவர்களுடைய மார்க்க விளக்கத்தோடு இந்த இயக்கம் வாதாட வரவில்லை. பள்ளிவாசலின் எல்லைக்குள் எந்த நிகழ்ச்சியையும் நாங்கள் கேட்கவில்லை. பாங்கு சொன்னால் கம்பு நிற்கும், தொழுகை முடியும்வரை நிற்கும். மௌலிது ஓதும் நேரத்தில் முற்றத்தில் ஒலிபெருக்கி இருக்காது. இவ்வளவும் சொன்ன பிறகு, ‘விளையாட்டே மார்க்கத்துக்கு ஆகாது’ என்று சொல்பவர்களிடம் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டியோடு விளையாடியது நபி (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே. ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை அதைப் பார்க்க நபியவர்கள் நின்று கொடுத்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது, எங்கள் ஆலிம்களுக்குத் தெரியாததல்ல. வேற்று மண்ணிலிருந்து வந்தவர்கள் தங்கள் மண்ணின் ஆட்டத்தை ஆடினார்கள், அது தடுக்கப்படவில்லை. கல்முனையில் பிறந்தவன் கல்முனையின் ஆட்டத்தை ஆடினால் அவனுடைய ஈமானில் என்ன குறைந்துவிடும்?

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நாட்டில் நம்மை அந்நியராகப் பார்த்த கண்கள் அதிகம். உடையைப் பார்த்தார்கள், அரபு எழுத்தைப் பார்த்தார்கள். சாய்ந்தமருதுப் பெண்கள் சம்மாந்துறை வயலைப் பற்றித் தமிழில் கட்டிய கவியை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் நாமே அதை வெளியே எடுத்து வைக்கவில்லை. நாம் இந்த மண்ணுக்கு எவ்வளவு பழையவர்கள் என்பதற்கு அந்தக் கவிகளும் தாய்வழிக் குடிமுறையும் கலியாண வீட்டில் எழும் குரவையும் சாட்சி. மற்றவருக்கு நிரூபிப்பதற்காக இந்த முற்றத்தைக் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் தங்களைத் தாங்களே அறிந்துகொள்வதற்காகக் கேட்கிறோம்.

பெண்களைப் பற்றி. கவியின் பெரும்பகுதி பெண்களுடையது. மச்சானை நினைத்துப் பாடியதும், பிள்ளையைத் தாலாட்டியதும், பெருநாளில் ஊஞ்சல் ஆடிப் பாடியதும் அவர்கள்தான். ஆண்கள் மேடையேறி அந்தக் கவிகளைப் பாடிக்காட்டுவதை ஒரு தீர்வாக நாங்கள் ஏற்கமாட்டோம். சந்தைக்கு அருகில் ஒரு வீட்டு வளவைப் பெண்களுக்கு மட்டுமாக ஒதுக்க வேண்டும். அங்கே மூத்தம்மாமார் பாடுவார்கள், விரும்பினால் மட்டும். கைத்தொலைபேசி வாசலோடு நிற்க வேண்டும். பன்பாய் இழைக்கிறவர்கள் அங்கேயே பன்னைக் காயவைத்து, சாயம் தோய்த்து, பிள்ளைகளின் கண்முன்னே இழைக்கட்டும். விரல் ஓடும் வேகத்தில் சிவப்பும் பச்சையும் எங்கே ஏறி எங்கே இறங்குகின்றன என்பதைப் பார்ப்பதே ஒரு பொழுதுக்குப் போதும். தும்பறைப் பாய்நெசவு 2021 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2018 இல் இந்நாட்டின் நூல்பாவைக்கூத்து சேர்ந்தது. அவற்றுக்காக மகிழ்கிறோம். அக்கரைப்பற்றுப் பாயையும் மருதமுனைக் கைத்தறியையும் அந்த வரிசையில் வைத்துப் பேச ஒரு கோப்பைத் திறக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது, கொழும்பினுடையதல்ல.

இப்போது மேற்கே திரும்புகிறோம். இந்தப் பிரகடனத்தில் எங்களுக்கு மிக முக்கியமான பகுதி இது.

நம் வயலுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் சொன்ன கல்லோயாவை மறித்து, 1949 இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் அணை கட்டினார்கள். அணைக்குப் பின்னால் சேனநாயக்க சமுத்திரம் விரிந்தது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளுக்கு வாய்க்கால் வழியே வருவது அந்தத் தண்ணீர்தான். அந்தத் திட்டம் குடியேற்றங்களாலும் மாவட்ட எல்லைகளாலும் நமக்கு என்ன செய்தது என்பதை இங்கே ஒவ்வொரு வீடும் பேசும். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை நாம் பேசுவதில்லை. அது ஆதிவாசிகளான வேடர்களின் வேட்டைக்காடு. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் எழுதிய ஹெனபெத்த, தனிகல மக்கள் தேன் எடுத்தும் மான் வேட்டையாடியும் திரிந்த பெருநிலம் அந்த நீருக்குள் போயிற்று. எஞ்சிய காட்டின் ஒரு பெரும்பகுதி 1983 இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்காவானபோது, வேடர் வாழும் தம்பானையில் வேட்டை குற்றமாயிற்று. நம் மாவட்டத்துக்குள்ளேயே, மகாஓயாப் பக்கம் பொல்லேபெத்தையில், வேடர்களின் சந்ததியார் வாழ்கிறார்கள். கந்தூரிச் சோற்றின் ஒவ்வொரு பருக்கையிலும் அவர்கள் இழந்த நிலத்தின் ஈரம் இருக்கிறது. அந்தக் கந்தூரிக்கு அவர்களை இதுவரை நாம் அழைத்ததாக எங்கள் மூத்தோர் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஐக்கிய நாடுகள் சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை 2007 இல் நிறைவேற்றியபோது இலங்கை ஆதரித்து வாக்களித்தது. அந்த வாக்கு நியூயோர்க்கில் விழுந்தது. கடற்கரையில் அதற்கு ஒரு பொருள் கொடுக்க நாங்கள் விரும்புகிறோம். அழைக்கும்போது எப்படி அழைப்பது என்பதில் கவனமாக இருப்போம். கனடாவின் கல்கரி நகரில் ஸ்டம்பீட் என்ற பெருஞ்சந்தை 1912 இல் தொடங்கியபோதே பழங்குடியினர் அழைக்கப்பட்டார்கள். அவர்களுடைய சடங்குகளையும் ஆட்டங்களையும் அரசு சட்டம் போட்டு ஒடுக்கிவந்த காலம் அது. அவர்கள் கூடாரம் அமைத்த இடத்துக்கு வெள்ளையர் வைத்த பெயரே ஒரு நூற்றாண்டு நிலைத்தது. எல்போ ஆற்று முகாம் என்ற இன்றைய பெயர் 2018 இல்தான் வந்தது. காட்சிப்பொருளாக வருவதற்கும் விருந்தாளியாக வருவதற்கும் இடையே அங்கே அத்தனை தலைமுறை கழிந்தது. நாம் அவ்வளவு காலம் எடுக்கத் தேவையில்லை. பொல்லேபெத்தை மக்களிடம் முதலில் நாம் போவோம், அவர்களுடைய பெரியவர்களிடம் கேட்போம். வருவதா, எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதெல்லாம் அவர்களின் முடிவு. கோடரியும் வில்லும் தோளில் மாட்டச் சொல்லிப் படம் எடுக்கும் பழக்கத்துக்கு எங்கள் முற்றத்தில் இடமில்லை. அவர்கள் பேச விரும்பினால் தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார். ஆட விரும்பாமல் தேன் விற்க மட்டும் வந்தால் அதற்கும் நல்ல இடத்தில் கடை இருக்கும், கடைவாடகை இருக்காது.

அளிக்கம்பையிலிருந்தும் அழைப்போம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, பாம்பாட்டியும் குறி சொல்லியும் நம் சந்தைகள்தோறும் திரிந்த குறவர் மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள். நம் வாசலில் அவர்களைக் கண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது, அவர்களின் பாட்டை உட்கார்ந்து கேட்டவர்கள்தான் இல்லை. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் உள்ள தமிழ்ச் சகோதரர்களையும் அழைக்கிறோம். முன்பு அவர்களும் நேர்த்திக்கடனோடு கடற்கரைப் பள்ளிக்கு வந்தார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு நம்மவர் வேடிக்கை பார்க்கப் போனார்கள். 1985 இலும் 1990 இலும் நடந்த வன்முறைகளுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து மெலிந்துபோனது. இரண்டு பக்கமும் ஜனாஸாக்களும் பிணங்களும் விழுந்ததை மறைத்து ஒற்றுமை பேச மாட்டோம். பறைமேளக் கலைஞர்கள் ஒரு மாலை வந்து அடித்தால், எங்கள் சீனடிக்காரர் அவர்களுடைய விழாவுக்குப் போய் வரிசை காட்டுவார்கள். அவ்வளவோடு ஆரம்பிக்கலாம்.

பணம் எங்கிருந்து வரும்? கந்தூரிக்கு அரிசியும் தேங்காயும் ஆடும் எப்படி வந்தனவோ அப்படி. குடிக்குக் குடி மரைக்காயர்மார் சேர்த்துக் கொடுத்த முறை நமக்குப் புதிதல்ல. ஓர் ஊர் ஒரு மாலையை ஏற்கட்டும். 12 மாலைக்கு ஊர்களுக்குப் பஞ்சமில்லை. மாநகர சபையும் பிரதேச செயலகங்களும் கலாசார அலுவல்கள் திணைக்களமும் தங்கள் பங்கைத் தரட்டும், வரவேற்கிறோம். ஆனால் தந்தவரின் பெயரைப் பாட்டுக்கு நடுவே அறிவிக்க மாட்டோம். அதிதி வரும்வரை ஆட்டம் காத்திருக்காது. எந்தக் கட்சியின் கொடியும் நிறமும் முற்றத்துக்குள் வராது. தேர்தல் காலத்தில் இதை இன்னும் கண்டிப்பாகக் காப்போம்.

கலைஞருக்குக் கூலி, சான்றிதழுக்கு முன். ஒரு மேசனின் நாள்கூலிக்குக் குறையாத தொகை ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஆடிய இரவே கையில் கொடுபட வேண்டும், அண்ணாவியாருக்கு அதைவிடக் கூட. பாட்டைப் பதிவு செய்ய வருபவர் பாடியவரிடம் சம்மதம் கேட்க வேண்டும், பெயர் போட வேண்டும், ஒரு பிரதியை அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். முற்றத்துக்கு வரும் ஒவ்வொரு குழுவும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த இரண்டு பேரையாவது வட்டத்தில் சேர்த்துக்கொண்டு வர வேண்டும் என்பதும் எங்கள் நிபந்தனை. அவர்கள் தப்பாக அடித்தாலும் பரவாயில்லை. கடற்கரைப் பள்ளி நிர்வாகத்தினரிடம் எங்கள் வேண்டுகோளை மரியாதையோடு வைக்கிறோம்: சந்தைக்கு இடம் பிரிக்கும்போது, வியாபாரிகளுக்குக் கயிறு கட்டுவதற்கு முன், முற்றத்துக்குக் கயிறு கட்டுங்கள்.

அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டோம். நீலாவணை எல்லையிலிருந்து பொத்துவில் வரை, உயிரோடிருக்கும் களிகம்பு அண்ணாவிமார், சீனடி வாத்தியார்மார், அம்பா பாடத் தெரிந்த தண்டயல்மார், கவி தெரிந்த மூத்தம்மாமார் ஆகியோரின் பெயர், ஊர், தெரிந்த பாட்டு என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுவது முதல் வேலை. ஆண்களை இளைஞர்கள் பார்ப்பார்கள்; மூத்தம்மாமாரிடம் பெண்பிள்ளைகள் மட்டும் போவார்கள். பொல்லேபெத்தைக்குப் போகும் குழுவில் சிங்களம் சரளமாகப் பேசும் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் மருதமுனைச் சாரனும் ஒரு மரைக்கால் நெல்லும் கொடுத்து அனுப்புகிறோம். உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ பாடத் தெரிந்த ஒருவர் இருந்தால், படுக்கையில் இருந்தாலும், உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வாசலில் கொப்பியோடு நிற்கும் எங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அன்று பின்னேரமே வருவார்கள்.